மல்சூன் ஏற்றிவிட்ட ரயில்

பிளமொண்டோன் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்துத் தெருமூலையில் மல்சூன் நடத்திவந்த டெப்பனர் காலை ஏழு மணிக்குத் திறக்கும், இரவு பதினொரு மணிக்குப் பூட்டும். பாலும் பாணும் பியரும் லொத்தர் டிக்கெட்டும் விற்கிற கடை. மொன்ட்ரியலில் எந்த மூலைக்குப் போனாலும் இப்படியொன்று இருக்கும். ஆனால் இந்தக் கடை இருபத்தொரு வருடத்தில் ஒருநாள்கூடப் பூட்டிக் கிடந்ததில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பனிக்கட்டி மழை பெய்து, மின்கம்பிகள் அறுந்து, ஊரே இருண்டு கிடந்தபோதும் மல்சூன் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு மெழுகுதிரி விற்றார்.

தெருவில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தார். மல்சூன் என்ற கொரியப் பெயர் அவர்கள் வாயில் ஒரு கிழமைகூட நிற்கவில்லை; மல்லியக்கா ஆகிவிட்டது. மல்லியக்கா தமிழும் பேசுவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார் அந்தப் பிள்ளைகளை அதட்டுவதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். அதனால் அவருடைய தமிழில் கட்டளைகள்தான் அதிகம். "தொடாதை!" "வை அதை!" "கெதியா வா!" "கதவைச் சாத்து!" எழுபது வயதுப் பெரியவர்கள்கூட, "அங்கை போய் நில்" என்று மல்லியக்கா சொன்னால் பேசாமல் போய் நின்றார்கள்.

அவருக்கு ஒரே மகள், ஹேரிம். கொரிய மொழியில் அம்மாவை 'ஓம்மா' என்பார்கள். சின்ன வயதில் ஹேரிம் கடைக்குள் ஓடியோடி "ஓம்மா, ஓம்மா" என்று கூப்பிட, சாமான் வாங்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண்கள் அசந்துபோனார்கள். தாய் என்ன சொன்னாலும் ஆமென்று தலையாட்டி 'ஓம், அம்மா' என்று கேட்கிற இப்படியொரு பிள்ளை நமக்கு வாய்க்கவில்லையே என்று தங்கள் பிள்ளைகளின் தலையில் குட்டினார்கள். உண்மையில் ஹேரிம் அந்த நேரமெல்லாம் தாயோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பாள்.

சண்டை பிடிக்க இருவர்தான் இருந்தார்கள். ஹேரிமுக்குப் பத்து வயதாக இருக்கும்போது தகப்பன் இறந்துவிட்டார். அதன்பிறகு மல்சூன் கல்லாவுக்குப் பின்னாலேயே சமைத்து, கல்லாவுக்குப் பின்னாலேயே வீட்டுப்பாடம் பார்த்து, மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஹேரிமுக்கு இருபத்தாறு வயது. டவுன்டவுனில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்கிற வேலை. சனிக்கிழமைகளில் தாயிடம் வந்து, தாய் பொட்டலத்து நூடுல்ஸ் தின்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருடம் மல்சூனுக்கு அறுபது நிறைந்தது. தமிழர்களைப் போலவே கொரியர்களும் வருடங்களுக்குப் பெயர் வைத்து அறுபதாய்ச் சுற்றுகிறவர்கள். பிறந்த வருடம் திரும்பி வந்தால் பிள்ளைகள் பெற்றோருக்கு விருந்து வைத்து, காலில் விழுந்து, கொண்டாடியே ஆகவேண்டும். கொரிய நாட்காட்டியில் தாயின் பிறந்தநாளைத் தேடிப் பார்த்தாள் ஹேரிம். ஏப்ரல் இருபத்தெட்டு, சனிக்கிழமை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரே கடைக்குப் போனாள். தாயும் மகளும் பேசுவது கொரிய மொழியில்தான்.

"ஓம்மா, இருபத்தெட்டாந் தேதி விருந்து வைக்க ஒரு ஹோல் எடுக்கப்போறன்."

"எடு."

"நீங்கள் வரவேணும்."

"கடையை ஆர் பாக்கிறது?"

"பூட்டுவம்."

மல்சூன் அந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்பவர்போல நிமிர்ந்து பார்த்தார். "பூட்டினால் சனம் பாலுக்கு எங்கை போகும்?"

"நாலு கட்டிடம் தள்ளி இன்னொரு டெப்பனர் இருக்கு."

"அங்கை பால் பழசு," என்றார் மல்சூன். பேச்சு முடிந்தது.

அப்போது கடையில் பேனாட் அண்ணை நின்றார். பேனாட் அண்ணை அறுபத்தாறு வயதுக்காரர், குருநகர்க்காரர். காலையில் கோப்பி குடிக்க வந்தால் மத்தியானம்தான் வெளியே போவார். ஹேரிம் முகம் தொங்கிப்போய் வெளியே வந்தபோது அவரும் பின்னால் வந்தார். ஹேரிமுக்குத் தமிழ் பாதி விளங்கும். பேனாட் அண்ணையின் பிரெஞ்சு அவருக்கே பாதிதான் விளங்கும். இரண்டு பாதியையும் சேர்த்து அவர்கள் வருடக்கணக்காகப் பேசி வருகிறார்கள்.

"என்ன பிள்ளை, கொம்மா ஓமெண்டாவோ?"

"இல்லை அங்கிள். அறுபதாம் விருந்துக்கு வரச்சொன்னன், கடையை விட்டு அசையமாட்டாவாம்."

"ஒரு காலத்தில மனுசி ஓடிக்கொண்டே இருந்தது. இப்ப அசையமாட்டுதாம்," என்று சிரித்தார் பேனாட் அண்ணை. "நானும் அவவும் ஒரே உத்தியோகமெல்லோ."

"என்ன உத்தியோகம்?"

"பஸ் கொண்டக்டர்!"

ஹேரிம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கதை அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடிய அரசாங்க பஸ்ஸில் இருபது வருடம் கொண்டக்டராக இருந்தவர். ஆனால் அம்மா? கொரியாவில் என்ன வேலை செய்தீர்கள் என்று எப்போது கேட்டாலும் "போக்குவரத்துக் கம்பனி" என்று சொல்லிவிட்டு அம்மா எழும்பிப் போய்விடுவார். மேசையும் தொலைபேசியும் உள்ள ஒரு கந்தோரைத்தான் ஹேரிம் இத்தனை நாளும் மனதில் வைத்திருந்தாள்.

"உனக்குச் சொல்லேல்லையோ?" பேனாட் அண்ணைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எனக்கே மூண்டு வருசத்துக்கு முந்தித்தான் தெரியும். அதுவும் அவ சொல்லித் தெரியேல்லை."

அவர் சொன்ன கதை இது. ஒரு மாசி மாதம், முழங்கால் அளவு பனி. கடைவாசலில் நூற்று அறுபத்தோராம் இலக்க பஸ் வந்து நிற்கிறது. பேனாட் அண்ணை ஏற்கெனவே உள்ளே. ஏறுகிற சனமெல்லாம் முன்கதவிலேயே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் இடம் சும்மா கிடக்கிறது. கதவைச் சாத்த முடியவில்லை. சாரதி பிரெஞ்சில் கெஞ்சுகிறார். ஒருவரும் அசையவில்லை. பார்த்தால், ஏப்ரனோடு கடையிலிருந்து ஓடிவருகிறார் மல்லியக்கா. வந்தவர் திரும்பி நின்று, முதுகைக் கொடுத்து, சனத்தை ஒரே தள்ளாகத் தள்ளி உள்ளே ஏற்றினார். பிறகு பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு அடி அடித்து, தொண்டை கிழிய "ஓராய்!" என்றார்.

"'ஓல் ரைட்' எண்டதைத்தான் கொரியாவிலை கொண்டக்டர்மார் அப்பிடிச் சொல்லுறது," என்றார் பேனாட் அண்ணை. "எனக்கு அது அப்ப தெரியாது. ஆனால் அந்த அடி தெரியும் பிள்ளை. இருவது வருசம் அடிச்ச அடி! என்ரை வாய் என்னைக் கேக்கேல்லை. உள்ளுக்கிருந்து நான் 'ரைட், போ!' எண்டு கத்திப்போட்டன். பஸ்காரன் அப்பிடியே எடுத்துக்கொண்டு போயிட்டான்!"

அடுத்த நாள் அவர் கடைக்குப் போய், "எந்த ரூட்?" என்று கேட்டாராம். மல்சூன் சோல் நகரத்து ரூட் ஒன்றின் இலக்கத்தைச் சொன்னாராம்.

மல்சூன் அந்த வேலை பார்த்தது பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை. விடியற்காலை நாலு மணிக்கு முதல் பஸ். நூறு பேரை ஏற்றி, சாத்தாத கதவில் இரண்டு கைகளாலும் தொங்கிக்கொண்டு, முதுகால் சனத்தை அடைத்துப் பிடித்துக்கொண்டு போவார்கள் கொண்டக்டர் பெண்கள். நாள் முடிந்து இறங்கினால், காசு ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கம்பனிக்காரர்கள் உடுப்பை உதறச்சொல்லிச் சோதிப்பார்கள். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு தம்பிமாரும் படித்தார்கள். ஒருவர் எஞ்சினியர், மற்றவர் வாத்தியார். இந்த மாமாக்களின் பட்டப்படிப்புப் படங்களை ஹேரிம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவற்றில் அம்மா இல்லை. அம்மா அந்த நேரம் எங்கே தொங்கிக்கொண்டிருந்தார் என்று அவள் கேட்டதே இல்லை.

அவளுக்குக் கண் கலங்கியது. கூடவே, பனியில் ஏப்ரனோடு பஸ்ஸை அடிக்கிற அம்மாவை நினைத்துச் சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது.

"அங்கிள்," என்றாள் விக்கலோடு, "இருபத்தெட்டாந் தேதிதானே பக்கத்து ஊரான லவாலுக்குப் புது மெட்ரோ திறக்கிறாங்கள்?"

பேனாட் அண்ணையின் கண்கள் விரிந்தன. "அதைச் சொல்லு! எந்தக் கொண்டக்டர் அதைப் பாக்காமல் இருப்பான்?"

திட்டம் அங்கேயே நடைபாதையில் போடப்பட்டது. ஹோல் வேண்டாம். விருந்தைக் கடைக்குள்ளேயே வைப்பது. மல்சூனை மெட்ரோ காட்டக் கூட்டிக்கொண்டு போகிற நேரத்தில் பேனாட் அண்ணையின் மனைவி அல்போன்சம்மா கடையையும் பார்த்து, விருந்தையும் அடுக்கவேண்டும். அல்போன்சம்மா கேட்டவுடனே சேலையை இழுத்துச் செருகினார். "அறுபதோ? விடு பிள்ளை, நான் செய்யிறன். கொரியாச் சாமானை நீ வாங்கிக்கொண்டு வா. மிச்சத்துக்கு என்னட்டைக் கேளாதை."

சனிக்கிழமை வந்தது. மல்சூன் எதிர்பார்த்த அளவுக்குச் சண்டை பிடிக்கவில்லை. "புது லைன். முதல் நாள்," என்று ஹேரிம் சொன்னவுடனே அவர் கை பால் அடுக்குவதை நிறுத்திவிட்டது. "ரெண்டு மணித்தியாலம்," என்றார். அல்போன்சம்மாவைக் கல்லாவில் நிறுத்தி, "தொடாதை, திறக்காதை, கதையாதை," என்று தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டு, ஏப்ரனைக் கழற்ற மறந்து, அதற்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பேனாட் அண்ணை சவரம் செய்து, டை கட்டி வந்திருந்தார்.

பிளமொண்டோனில் ஏறினால் செம்மஞ்சள் லைன் டவுன்டவுனைச் சுற்றிக்கொண்டு ஊரின் மறு பக்கத்துக்குப் போகும். முதல் பெட்டியில் மூவரும் இருந்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மல்சூன் மூக்கைச் சுளித்தார். "கதவு திறந்து மூட எவ்வளவு நேரம்!" பேனாட் அண்ணை ஆமோதித்தார். "விசில் இல்லையெல்லோ. விசில் இருந்தால் சனம் பயப்பிடும்." ஆற்றுக்கு அடியால் ரயில் போகிறது என்று ஹேரிம் சொன்னபோது இருவரும் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

கடைசி நிலையமான மொன்மொரன்ஸியில் இறங்கி, மேலே போய், லவாலை ஒரு பார்வை பார்த்தார்கள். கார்கள் நிறுத்துமிடம் தெரிந்தது. "இதுக்கோ இவ்வளவு தூரம் தோண்டினவங்கள்?" என்றார் மல்சூன். ஆனால் முகம் பூரித்துப் போயிருந்தது.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. புது மெட்ரோவைப் பார்க்க வந்த சனமெல்லாம் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் புறப்பட்டதுபோல மேடை நிரம்பி வழிந்தது. பிள்ளை வண்டிகள், பலூன்கள், தொப்பி போட்ட தாத்தாமார். ரயில் வந்தது. சனம் பாய்ந்து ஏறிக் கதவடியிலேயே கட்டியாக நின்றுகொண்டது. பெட்டியின் நடுப்பகுதி காலியாகக் கிடந்தது. கதவு மூடும், ஒரு பை இடறும், திறக்கும். திரும்ப மூடும், ஒரு பலூன் அகப்படும், திறக்கும். செம்மஞ்சள் மேலங்கி போட்ட மெட்ரோ ஊழியர் ஒருவர் பிரெஞ்சில் கத்திக் கத்தி நீலம் பாரித்துப்போனார்.

மல்சூன் கோட்டைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தார்.

"ஓம்மா, வேண்டாம்," என்றாள் ஹேரிம்.

அதற்குள் அவளே உள்ளே இருந்தாள். முதலில் தள்ளப்பட்டது அவள்தான். இரண்டாவது பேனாட் அண்ணையின் டை. மல்சூன் திரும்பி நின்று, முதுகைக் கொடுத்து, குதிக்காலை ஊன்றி, அப்படியே அமுக்கினார். கொரியனில், பிரெஞ்சில், தமிழில் கட்டளைகள் பறந்தன. "நடுவுக்குப் போ! தள்ளி நில்! கெதியா! தொடாதை!" தமிழ் தெரியாதவர்களுக்கும் அது விளங்கியது. கல்லூரிப் பையன்கள் நடுவுக்குப் போனார்கள். தாத்தாமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடுவுக்குப் போனார்கள். பலூன் உள்ளே போனது. கதவு மூடியது. மல்சூன் ரயிலின் பக்கத்தில் இரண்டு அடி அடித்தார்.

"ஓராய்!"

"ரைட், போ!" என்றார் உள்ளேயிருந்து பேனாட் அண்ணை.

ரயில் புறப்பட்டது. அப்போதுதான் ஹேரிம் பார்த்தாள். அம்மா மேடையில் நிற்கிறார். ஏப்ரனோடு, கையை வீசிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். "ஓம்மா!" என்று கண்ணாடியில் அடித்துக் கத்தினாள். பெட்டியிலிருந்த இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பயப்பிடாதை பிள்ளை," என்றார் பேனாட் அண்ணை, டையைத் தேடிக்கொண்டே. "கொண்டக்டர் ஒரு நாளும் துலையமாட்டா."

அடுத்த நிலையத்தில் இருவரும் இறங்கிக் காத்திருந்தார்கள். அடுத்த ரயில் வந்தது. அதில் அம்மா இல்லை. ஆனால் பெட்டிகளில் சனம் நடுவரைக்கும் ஒழுங்காகத் தள்ளி, தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கியதுபோல நின்றிருந்தது. "இதுவும் அவ ஏத்தினதுதான்," என்றார் பேனாட் அண்ணை பெருமையாக. அதற்கடுத்ததும் அப்படியே வந்தது. நாலாவது ரயிலின் முதல் கதவில் மல்சூன் நின்றார். மேலே செம்மஞ்சள் மேலங்கி! அந்த ஊழியர் தன்னுடையதைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டிருந்தார். திருப்பிக் கொடுக்க இருவருமே மறந்துவிட்டார்கள். அறுபது வயதுக்காரியின் கன்னங்கள் பிள்ளையுடையதுபோலச் சிவந்திருந்தன.

வீடு வரைக்கும் நீண்ட ஓட்டம். பேனாட் அண்ணை சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். ஹேரிம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேனாட் அங்கிள் எல்லாம் சொன்னவர்."

மல்சூன் தூங்குகிறவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? வெட்கமோ?"

"முந்தி வெட்கமாய்த்தான் இருந்தது. சோதிக்கிறதை நினைச்சால் இப்பவும் உடம்பு கூசும்." மல்சூன் மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். "பேந்து வெட்கம் போயிட்டுது. ஆனால் நேரம் கிடைக்கேல்லை. சொல்லுவம் எண்டு வாயெடுக்க ஆரேன் பால் வாங்க வந்திடுவினம்."

"இருபத்தொரு வருசமாயோ?"

"இருபத்தொரு வருசமாய்ச் சனம் பால் குடிக்குதடி."

ஹேரிம் தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் தோள் குளிர்காலத்தில் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எண்ணெய் தடவிவிட்டிருக்கிறாள். எதனால் வலிக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. "எத்தனை பேரைத் தள்ளியிருப்பீங்கள், ஓம்மா?"

"பஸ்ஸிலையோ, வாழ்க்கையிலையோ?" என்று கேட்டுவிட்டு மல்சூனே விழுந்து விழுந்து சிரித்தார். பேனாட் அண்ணை திடுக்கிட்டு விழித்து, எந்த இடம் என்று கேட்டார்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணித்தியாலம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த மல்சூன் அப்படியே நின்றார். பியர்ப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி அதற்கு மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. கொரிய விருந்தில் பழங்களையும் அரிசிப் பலகாரங்களையும் கோபுரமாக அடுக்கவேண்டும் என்று ஹேரிம் சொல்லியிருந்தாள். அல்போன்சம்மா அதை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கோபுரமாக்கியிருந்தார். தோடம்பழக் கோபுரம். அரிசிப் பலகாரக் கோபுரம். நடுவில் மல்சூனின் இடுப்பளவு உயரத்துக்குப் பருத்தித்துறை வடைக் கோபுரம். தெருவில் பாதி கடைக்குள் நின்றது.

"ஆர் கல்லாவிலை?" என்றார் மல்சூன் முதல் வேலையாக.

"நான் நிக்கிறன். நீ போய் இரு!" என்று அதட்டினார் அல்போன்சம்மா. மல்லியக்காவின் தமிழிலேயே மல்லியக்காவுக்கு ஒருவர் கட்டளை போட்டது அதுதான் முதல் தடவை. மல்சூன் போய் இருந்தார்.

உருளைக்கிழங்குப் பொரியல் அடுக்குக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில், இரண்டு கைகளையும் நெற்றியில் வைத்து, ஹேரிம் மெதுவாகக் குனிந்து, முழங்காலிட்டு, தலை தரையில் பட வணங்கினாள். மல்சூன் செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமலே நிமிர்ந்திருந்தார்.

எழும்பிய ஹேரிம் தாய்க்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். "ஏறுங்கோ."

அறுபதாம் விருந்தில் பிள்ளை பெற்றவரை முதுகில் சுமந்து ஆடுவது கொரிய வழக்கம். "விசரே உனக்கு! நான் பாரம்," என்றார் மல்சூன். பாரம்தான். பொட்டலத்து நூடுல்ஸ் வீண்போகவில்லை. ஹேரிம் எழும்பும்போது ஒருமுறை தள்ளாடினாள்; சனம் "ஐயோ!" என்றது, பேனாட் அண்ணை வடைக் கோபுரத்தைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினார். பிறகு நேரானாள். தாயைச் சுமந்துகொண்டு பாண் அடுக்கைச் சுற்றி, சவர்க்கார அடுக்கைச் சுற்றி, ஆடி ஆடி நடந்தாள். சனம் கைதட்டியது. மல்சூன் முதுகில் இருந்தபடியே, "வலப்பக்கம்! முட்டை, முட்டை! பாத்து!" என்று வழி சொன்னார். மேல் தட்டு கண்ணுக்கு நேரே வந்தபோது, "இஞ்சை தூசி கிடக்கு," என்றார். ஒன்றும் அறியாமல் பால் வாங்க வந்த பிரெஞ்சு பேசும் ஒரு கெபெக்வாக் கிழவருக்கு "பொன்ஜூர்!" என்று மேலேயிருந்தே குனிந்து ஒரு லீட்டர் பாலை எடுத்து நீட்டினார். கிழவர் "மெர்சி" என்று வாங்கிக்கொண்டு, ஒரு வடையையும் எடுத்துக் கடித்துக்கொண்டு, கைதட்டுகிறவர்களோடு சேர்ந்து நின்றார்.

இறக்கிவிட்டபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. மல்சூன் மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இனி ஞாயிறு பின்னேரங்களிலை அல்போன்சம்மா கடையைப் பாக்கட்டும்," என்றார்.

அப்படியே ஆனது. அந்தக் கோடை முழுக்க ஞாயிறு பின்னேரங்களில் தாயும் மகளும் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரைக்கும் போனார்கள். ஒருநாள் மொன்ட்ரியல் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை போனார்கள். ஹேரிம் படித்த பல்கலைக்கழக வளாகம் அங்கேதான். பட்டமளிப்பன்றுகூட மல்சூன் கடையில்தான் நின்றார். இப்போது அவர் ஒவ்வொரு கட்டிடமாக விரலை நீட்டி, இங்கே என்ன படித்தாய், அங்கே என்ன படித்தாய், எந்தக் கதிரையில் இருந்தாய் என்று கேட்டார். ஹேரிம் ஒன்றுவிடாமல் காட்டினாள். சோயாச் செடிகள் நட்டிருந்த பரிசோதனைத் தோட்டத்தைப் பார்த்து, "இதைவிட நான் நல்லாய் நடுவன்," என்றார். பிறகு கால்வாய்க் கரையில் இருந்து இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். மல்சூன் இன்னுமொன்று வேண்டும் என்றார். சீனி கூடாது என்று மருத்துவமனையில் நாள் முழுக்கச் சொல்கிறவள் எழும்பிப்போய், பெரிதாகவே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள்.